மிஹிர் சென்: பாக் நீரிணையை நீந்திய வக்கீல்

தனுஷ்கோடிக்கு ஒரு தடவையாவது டூர் போயிருப்பீங்க. அரிச்சல்முனையில் ரோடு முடியுற இடத்தில் நின்னு, அந்தப் பக்கம் இலங்கை தெரியுதான்னு கண்ணைச் சுருக்கிப் பார்த்திருப்பீங்க. தெரியாது. எதிரே இருக்கிற தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி. மணலில் நிற்கிற ஆளுக்கு அடிவானமே ஐந்து கிலோமீட்டருக்குள் முடிஞ்சிடும், பூமி உருண்டையா இருக்கிறதால. தண்ணிக்கு மேல தலையை மட்டும் தூக்கி நீந்துற ஆளுக்கு அதுவும் கிடையாது. கண் தண்ணியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தா, அவர் பார்க்கிற கடல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். சூத்திரம் தெரிஞ்சவங்க போட்டுப் பாருங்க.

1966 ஏப்ரல் 5-ம் தேதி தலைமன்னாரில் கடலில் இறங்கிய ஒருத்தர் மறுநாள் தனுஷ்கோடியில் கரையேறினார். மொத்தம் 25 மணி 36 நிமிஷம். நடுவில் ஒரு முழு ராத்திரி. பேர் மிஹிர் சென், வயசு 35, தொழில் வக்கீல். போட்டித்தேர்வு கைடில் இவர் ஒரு மார்க் கேள்வி: ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர் யார்? விடையை டிக் பண்ணிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். கொஞ்சம் நின்னு பார்த்தா இவர் கதையில் ஒரு விநோதம் இருக்கு. இருபது வயசு வரைக்கும் இவருக்கு நீச்சலில் சொல்லிக்கிற மாதிரி பழக்கமே இல்லை.

1930 நவம்பர் 16-ல் புருலியாவில் பிறந்தார். இன்னிக்கு அது மேற்கு வங்காளம். அப்பா டாக்டர், ஆனா வசதியான குடும்பம் இல்லை. பையனுக்கு எட்டு வயசு ஆனப்போ, நல்ல படிப்பு வேணும்னு குடும்பம் ஒடிசாவின் கட்டாக்குக்கு மாறியது. அம்மா பாலும் முட்டையும் வித்து வீட்டைச் சமாளிச்சாங்க. மகன் உத்கல் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடிச்சிட்டு, லண்டன் போய் பாரிஸ்டர் ஆகணும்னு நின்னார். பணம் இல்லை. பின்னாளில் ஒடிசா முதலமைச்சர் ஆன பிஜு பட்நாயக் உதவி செய்தார். 1950-ல் மூன்றாம் வகுப்பு ஒரு வழி டிக்கெட், ஒரு சின்னப் பெட்டி, கையில் 10 பவுண்டு. இவ்வளவுதான் கப்பலேறினப்போ இருந்தது.

லண்டனில் முதல் வேலை ரயில்வே ஸ்டேஷனில் ராத்திரி நேர போர்ட்டர். அப்புறம் இந்தியத் தூதரகமான இந்தியா ஹவுஸில் ஒரு வேலை கிடைத்தது. 1950 நவம்பரில் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். பகலெல்லாம் ஆபீஸ், ராத்திரி அங்கிருந்து இரவல் வாங்கிய புத்தகம். 1954-ல் பாரிஸ்டர் ஆனார்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் எங்கேயோ ஒரு பத்திரிகைக் கட்டுரை அவர் கண்ணில் பட்டது. ஃப்ளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண் 1950 ஆகஸ்டில் ஃபிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே நீந்தி வந்த செய்தி. படிச்சிட்டு நாமளா இருந்தா ஒரு லைக் போட்டிருப்போம். இவர் ஒய்.எம்.சி.ஏ. நீச்சல்குளத்தில் பணம் கட்டி, சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்திலிருந்து ஃபிரண்ட் கிரால் கத்துக்க ஆரம்பிச்சார். இந்திய இளைஞர்களுக்கு எதுவும் முடியாத காரியம் இல்லைன்னு காட்டணும், அதுதான் நோக்கம்னு பின்னாடி சொல்லியிருக்கார். விடுதலை கிடைச்சு சில வருஷங்களே ஆன நாட்டிலிருந்து போன பையன், வெள்ளைக்காரன் ஊரில் மூட்டை தூக்கிக்கிட்டே அப்படி நினைச்சிருக்கார்.

சென் கதையைக் கொஞ்சம் நிறுத்திட்டு அந்த சாட்விக் கதைக்கு ஒரு நிமிஷம் வாங்க. தேவை இருக்கு.

1952 ஜூலை 4. சாட்விக் கலிஃபோர்னியாவுக்கு எதிரில் உள்ள கேட்டலினா தீவிலிருந்து கரையை நோக்கி நீந்தினார். கடும் மூடுபனி. கூட வர்ற படகே சரியா தெரியாத அளவுக்கு. படகில் அம்மா இருந்தாங்க, பயிற்சியாளர் இருந்தார், கரை பக்கம்தான் பக்கம்தான்னு கத்திக்கிட்டே இருந்தாங்க. கிட்டத்தட்ட 16 மணி நேரம் நீந்தினவர் அதுக்கு மேல முடியாதுன்னு படகில் ஏறிட்டார். ஏறின அப்புறம்தான் தெரிஞ்சது, கரை ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. சாக்கு சொல்லலை, ஆனா கரை கண்ணில் பட்டிருந்தா முடிச்சிருப்பேன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னார். ரெண்டே மாசம் கழிச்சு அதே கடலை 13 மணி 47 நிமிஷத்தில் கடந்தார். அதுவரை ஆண்கள் கையில் இருந்த ரெக்கார்டைவிட ரெண்டு மணி நேரம் கம்மி.

அதே உடம்பு. ரெண்டு மாசத்தில் புதுசா தசை முளைச்சிருக்காது. அப்போ ஜூலை 4-ம் தேதி தீர்ந்து போனது எது?

மெக்கானிக்கல் பசங்களுக்கு வாட் கவர்னர், போர்ட்டர் கவர்னர் ஞாபகம் இருக்கும். எஞ்சின் உடையுற வேகத்துக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே எரிபொருளைக் குறைச்சிடும். மனுஷ உடம்பிலும் அப்படி ஒரு கவர்னர் இருக்கணும்னு 1920-களிலேயே நோபல் பரிசு வாங்கிய உடலியல் அறிஞர் ஏ.வி.ஹில் யோசிச்சிருக்கார். தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் அதைத் தூசி தட்டி எடுத்து, அந்த கவர்னர் மூளையில் இருக்குன்னு வாதாடினார். இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி, என்ன சூடு, என்ன ஆபத்துன்னு மூளை ஒரு கணக்குப் போடும். அந்தக் கணக்குப்படி உடம்பை இழுத்துப் பிடிக்கும். களைப்புன்னு நமக்குத் தெரியுறது அந்தக் கணக்கின் விடை. இதுதான் அவர் கட்சி. துறையில் எல்லாரும் இதை ஒத்துக்கலை, சண்டை இன்னும் ஓடுது. ஆனா நம்ம காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேயில் 1500 மீட்டர் ஓட்டத்தைப் பாருங்க. மூணாவது சுற்றில் நாக்குத் தள்ளிக்கிட்டுச் சாகப்போற மாதிரி வந்தவன், கடைசிச் சுற்று மணி அடிச்சதும் எங்கிருந்தோ வேகம் எடுப்பான். அந்த சக்தி முப்பது செகண்டுக்கு முன்னாடியும் அவன் காலில்தான் இருந்தது. மணி அடிக்கிற வரைக்கும் கணக்கு விடலை.

2006-ல் கிறிஸ் பீடி குழு செய்த ஒரு சோதனையும் இங்கே சொல்லணும். சைக்கிள் பந்தய வீரர்களுக்கு மாத்திரை கொடுத்தாங்க. இதில் கஃபீன் இல்லை, இதில் கொஞ்சம், இதில் நிறையன்னு அவங்களை நம்ப வைச்சாங்க. நிஜத்தில் எதிலுமே கஃபீன் கிடையாது. நிறைய இருக்குன்னு நம்பினப்போ அவங்க திறன் 3.1 சதவீதம் கூடியது, கொஞ்சம்னு நம்பினப்போ 1.3 சதவீதம் கூடியது, எதுவும் இல்லைன்னு நம்பினப்போ 1.4 சதவீதம் குறைஞ்சது. சோதனைக்கு வந்தது ஆறே பேர்தான், அதனால இதை வச்சு மாளிகை கட்டிடாதீங்க. ஆனா எதிர்பார்ப்பு ரெண்டு பக்கமும் இழுக்கும்னு இதுல தெரியுது. தூக்கவும் செய்யும், அமுக்கவும் செய்யும்.

சரி, சென்னுக்கு வருவோம். குளத்தில் கத்துக்கிட்ட கிராலோடு கால்வாய்க்குப் போனார். தோற்றார். மறுபடி போனார், மறுபடி தோற்றார். மோட்டிவேஷன் வீடியோக்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிடும். அந்தக் கால்வாயில் கோடையிலேயே தண்ணி 15 முதல் 18 டிகிரிதான் இருக்கும். நம்ம ஊர்க் கடல் 28, 29 டிகிரி. தூத்துக்குடியில் மார்கழி மாசம் விடியக்காலையில் குளிக்கவே யோசிக்கிற நாம, அந்தத் தண்ணியில் பத்துப் பதினஞ்சு மணி நேரம் கிடக்கிறதை நினைச்சுப் பார்க்கணும். படகைத் தொட்டா ஆட்டம் அவுட். சாப்பாடும் கம்பில் கட்டித்தான் நீட்டுவாங்க. அலை தூக்கினா வயிறு புரட்டும், நீரோட்டம் திரும்பினா கரை விலகும். நம்பிக்கை தண்ணியைச் சூடாக்காது. ஒவ்வொரு தோல்வியிலும் சென் தெரிஞ்சுக்கிட்டது இந்த நிஜங்களைத்தான்னு நான் நினைக்கிறேன். எங்கே குளிரும், எங்கே இழுக்கும், எத்தனையாவது மணியில் மனசு வெளியே வரச் சொல்லிக் கெஞ்சும். முதல் தடவை அந்தக் கெஞ்சல் ஆபத்து மாதிரி கேட்கும். நாலாவது தடவை அது பழகின குரல்.

1958 செப்டம்பர் 27. டோவரிலிருந்து கலே வரை, 14 மணி 45 நிமிஷம். முடிச்சார். மறு வருஷம் பத்மஸ்ரீ கிடைத்தது. நிறைய இடத்தில் இவரை முதல் ஆசியர்னு எழுதியிருப்பாங்க, அது சரியில்லை. சில வாரங்களுக்கு முன்னாடி, அதே ஆகஸ்டில், கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த பிரஜேன் தாஸ் கடந்துட்டார். அவரும் வங்காளிதான். ஒரே மொழி பேசுற ரெண்டு பேர், ஒரே வருஷம், ரெண்டு நாட்டுக் கணக்கில் ரெண்டு முதல் இடம்.

இங்கே யாராவது ரோஜர் பானிஸ்டர் கதையை எடுத்துக்கிட்டு வருவீங்கன்னு தெரியும். ஒரு மைலை நாலு நிமிஷத்துக்குள் ஓட மனுஷனால் முடியாதுன்னு உலகமே நம்பியதாம், 1954 மே 6-ல் அவர் 3 நிமிஷம் 59.4 செகண்டில் ஓடினதும் எல்லாருக்கும் மனத்தடை உடைஞ்சு போச்சாம். ஜான் லாண்டி ஆறே வாரத்தில் அதைவிட வேகமா ஓடினது உண்மை. ஆனா லாண்டி அதுக்கு முன்னாடியே அந்த எல்லைக்கு ரெண்டு செகண்ட் பக்கத்தில் வந்து வந்து போய்க்கிட்டு இருந்தவர். நடுவில் ஒரு உலகப்போர் வேற பயிற்சியைக் கெடுத்திருந்தது. மனத்தடை ஒரு காரணம், அது மட்டும் காரணம் இல்லை. வாட்ஸ்அப்பில் வர்ற கதைகள் காரணங்களை ஒண்ணாக் குறைச்சிடும், அதுதான் பிரச்சினை.

கால்வாய்க்கு அப்புறம் சென் கல்கத்தா திரும்பி உயர்நீதிமன்றத்தில் கிரிமினல் வக்கீலா இருந்தார். ஆனா மனசு தண்ணியை விடலை. அடுத்து பாக் நீரிணை. முதலில் ஒண்ணு சொல்லிடறேன்: இந்த நீரிணையை முதலில் நீந்தினது சென் இல்லை. யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி 1954-லயே நீந்திட்டார். தமிழ்ப் பத்திரிகையில் அவர் பேரைச் சொல்லாம போனா நியாயம் இல்லை. சென் இறங்கினது வேற வழி, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு.

வழிகாட்டவும் பதிவு செய்யவும் கடற்படை வேணும், அதுக்கு 45,000 ரூபாய் ஆகும்னு சொன்னாங்க. 1966-ல் அது பெரிய காசு. கொஞ்சம் பத்திரிகை மாதிரி ஸ்பான்சர்கள் மூலமா சேர்ந்தது, மீதிக்கு அந்த ஜனவரியில்தான் பிரதமரா வந்திருந்த இந்திரா காந்தி கை கொடுத்தார். ஐ.என்.எஸ். சுகன்யா, ஐ.என்.எஸ். சாரதா என்ற ரெண்டு கடற்படைக் கப்பல்கள் கூட வந்தன.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஆங்கிலக் கால்வாயின் குறுகலான இடம் 33 கிலோமீட்டர், சென் எடுத்தது 14.75 மணி. சராசரி மணிக்கு 2.2 கிலோமீட்டர். பாக் நீரிணையில் 30 கிலோமீட்டருக்கு 25.6 மணி. மணிக்கு 1.2 கிலோமீட்டர்கூட இல்லை. தண்ணி வெதுவெதுப்பு, தூரம் கம்மி, வேகம் பாதி! ஆதாம் பாலத்து மணல்திட்டுகளுக்கு நடுவே தண்ணி ஒரு பக்கத்துக் கடலிலிருந்து இன்னொரு பக்கத்துக் கடலுக்குப் பாயும். நேர்க்கோட்டில் யாரும் நீந்த முடியாது. கை அடிச்சுக்கிட்டே இருப்பீங்க, நீரோட்டம் பக்கவாட்டில் கொண்டுபோய் விட்டுக்கிட்டே இருக்கும்.

இதுக்கு மேல சுறா பயம், கடல்பாம்பு பயம். இந்தக் கடலுக்கு அந்தப் பேர் ரொம்ப நாளா உண்டு. அந்த பயத்தை நம்ம தூத்துக்குடிக் கரை எப்படிச் சமாளிச்சதுன்னு தெரிஞ்சா, சென்னோட ரெண்டு கப்பலும் வேற மாதிரி தெரியும்.

முத்துக்குளிக்கிற காலத்தில் தோணியில் கல்லோடும் கயிறோடும் இறங்கினவங்க ஒரே மூச்சில் எட்டு பத்து பாகம் ஆழம் போய், ஒரு நிமிஷம் போல அடியில் இருந்து சிப்பி பொறுக்கி வருவாங்க. ஒரு நாளைக்குத் திரும்பத் திரும்ப. 1290-களில் நம்ம பழையகாயல் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வைச்சிருக்கார். அதில் ஒரு விஷயம் ரொம்ப சுவாரசியம். வியாபாரிகள் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாங்க. அதோட மந்திரம் போட்டு மீனின் வாயைக் கட்டுறவருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்தாங்க. பிற்காலத்தில் அந்த ஆளுக்கு கடல்கட்டின்னு பேர். மந்திரம் பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் அவிழ்த்து விட்டுடுவார், ராத்திரி யாரும் திருட்டுத்தனமா குளிக்கக்கூடாதே! பிரமாதமான செக்யூரிட்டி சிஸ்டம். பரதவர் 16-ம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கர் ஆன பிறகும் கடல்கட்டி போகலை. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் துளி நம்பிக்கை இல்லை. ஆனாலும் கடல்கட்டியை வைச்சுக்கிட்டாங்க, ஏன்னா அவர் இல்லைன்னா குளியாட்கள் தண்ணியில் இறங்க மறுத்தாங்க.

சுறாவுக்கு மந்திரம் கேட்டிருக்காது. ஆனா குளியாளின் இதயத்துக்குக் கேட்டிருக்கும். பயந்தவனுக்கு இதயம் படபடன்னு அடிக்கும், தசை இறுகும், நெஞ்சில் பிடிச்சு வைச்ச ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். நிம்மதியா இறங்கினவன் அதே காற்றில் இன்னும் சில செகண்ட் இருப்பான், நாலு சிப்பி கூட எடுப்பான். அந்த நாலு சிப்பிக்குத்தான் இருபதில் ஒரு பங்கு. மேலே கயிறு பிடிக்கிறவன் மச்சானாத்தான் இருக்கணும்னு நம்ம ஊரில் சொல்வாங்களே, அதுவும் இதே ரகம். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கு, தூங்க மாட்டான். கீழே இருக்கிறவன் கயிற்றைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். 1961-க்கு அப்புறம் நம்ம கரையில் முத்துக்குளிப்பு நடக்கலை, அதனால இதெல்லாம் தாத்தாக்கள் வாயில்தான் மிச்சம்.

இப்போ சுகன்யாவையும் சாரதாவையும் பாருங்க. வழி காட்டினது நிஜமான உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனா தண்ணிக்கு அடியில் வர்ற சுறாவையோ, கையில் உரசிப் போற கடல்பாம்பையோ தூரத்தில் நிற்கிற கப்பல் என்ன செய்திருக்க முடியும்? பெருசா ஒண்ணும் இல்லை. என்னைக் கேட்டா அந்தக் கப்பல்கள் பாதி நேரம் பார்த்தது கடல்கட்டி வேலை. கறுப்புக் கடலில் ராத்திரி ரெண்டு மணிக்குத் தலையைத் திருப்பினா ஒரு விளக்கு. நாம இருக்கிற இடம் யாருக்கோ தெரியும்ங்கிற ஒரு எண்ணம். சாட்விக்குக் கேட்டலினாவில் இல்லாம போனது இதுதான். அவங்க பக்கத்திலும் ஆட்கள் இருந்தாங்க, ஆனா கண்ணுக்கு எதுவும் தெரியலை.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. சென் எந்தக் கரையை நோக்கி வந்தார்? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிஞ்சு பதினஞ்சு மாசம்தான் ஆகியிருந்தது. ஸ்டேஷன், கோயில், சர்ச், வீடு எல்லாம் போய், மனுஷன் வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கமே சொன்ன ஊர். டோவரிலிருந்து போறவனுக்கு எதிரில் கலே நகரம் இருக்கு. இவருக்கு எதிரில் மணலும் இடிஞ்ச சுவரும். அதை நோக்கி 25 மணி நேரம்.

ஏப்ரலோட நிறுத்தலை. அதே வருஷம் ஆகஸ்ட் 24-ல் ஜிப்ரால்டர் நீரிணை, 8 மணி 1 நிமிஷம். செப்டம்பர் 12-ல் டார்டனெல்ஸ், 13 மணி 55 நிமிஷம். ஒன்பது நாள் கழிச்சு போஸ்பரஸ், 4 மணி நேரம். அக்டோபர் கடைசியில் பனாமா கால்வாய் முழு நீளமும், 34 மணி 15 நிமிஷம். ஒரே காலண்டர் வருஷத்தில் ஐந்து. பாக் நீரிணை முடிஞ்ச பிறகு மத்ததெல்லாம் உடம்புக்குச் சுலபம்னு சொல்ல முடியாது. ஆனா 25 மணி நேரம் தாங்கினவனுடைய மனக்கணக்கில் எட்டு மணி நேரம்ங்கிறது வேற எண். கவர்னரின் செட்டிங்கே மாறியிருக்கும். 1967-ல் பத்மபூஷண், கின்னஸ் சான்றிதழ், ஊர் ஊரா பாராட்டு.

இதெல்லாம் படிச்சிட்டு, மனசு வைச்சா எதையும் கடந்துடலாம்னு கிளம்பிடாதீங்க. வல்வெட்டித்துறை ஆனந்தனைத் தெரியுமா? ஆழிக்குமரன்னே பட்டம். 1971-ல் இலங்கையிலிருந்து நீந்தி இந்தியா வந்து, அப்படியே திரும்பி நீந்திப் போனவர், மொத்தம் 51 மணி நேரம். உடம்பைத் தாங்க வைக்கிற சாதனைகளில் கின்னஸில் பல தடவை பேர் வந்தவர். அவரைவிட மன உறுதி உள்ள ஆளை இந்தக் கடல்பக்கம் காட்டுறது கஷ்டம். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது இறந்துட்டார். மூளை போடுற கணக்கு எப்பவும் கஞ்சத்தனமான பொய் இல்லை. சில சமயம் அது சரியான கணக்கு. தண்ணிக்குள்ள இருக்கிறவனுக்கு எது எதுன்னு பிரிச்சுச் சொல்லத்தான் படகில் இன்னொரு ஆள் வேணும். கயிறு பிடிக்கிற மச்சான் வேணும்.

சென்னோட மீதி வாழ்க்கையைப் பத்திப் பேசுறவங்க குறைவு. வக்கீல் தொழிலை விட்டுப் பட்டு ஏற்றுமதியில் இறங்கினார், நல்லா வளர்ந்தார். 1977-ல் சுயேச்சையா தேர்தலில் நின்னார், தோற்றார். அப்புறம் தொழிற்சாலையில் பிரச்சினை, மூடல், கடன். கடைசி வருஷங்களில் அல்சைமர், பார்க்கின்சன் ரெண்டும் சேர்ந்து வந்தது. பாக் நீரிணையில் ஒரு முழு ராத்திரி நிறுத்தாம வீசின அந்தக் கை நடுங்க ஆரம்பிச்சது, நினைவும் போச்சு. 1997 ஜூன் 11-ல் 66 வயசில் இறந்தார். பெரிய சத்தம் இல்லாம.

அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1994-ல், குற்றாலீஸ்வரன்னு நம்ம தமிழ்நாட்டுப் பையன் ஒரே வருஷத்தில் ஆறு நீர்வழிகளை நீந்தி சென்னோட ஐந்தை முந்தினார். ஏப்ரலில் பாக் நீரிணையில் இறங்கினப்போ வயசு பன்னிரண்டு. ஏழாவது எட்டாவது படிக்கிற வயசு.

இன்னிக்கும் நடுராத்திரியில் தலைமன்னாரில் இறங்கி அரிச்சல்முனையில் ஏறுறாங்க, பள்ளிக்கூடப் பசங்க உட்பட. பலர் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிச்சிடுறாங்க. சென் எடுத்ததில் பாதி. எந்த மணிக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும்னு படகுக்காரங்களுக்கு இப்போ அத்துப்படி, கையில் ஜி.பி.எஸ். வேற. பயிற்சியும் நல்ல பயிற்சி, சந்தேகமில்லை. அதோட, முடியுமா முடியாதான்னு கேட்டுக்கிட்டு யாரும் தண்ணியில் இறங்கறது இல்லை. எத்தனை மணி நேரம்னுதான் கேட்கிறாங்க.